தீப்பெட்டி அளவு மைசூர்பாகு

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் போட்ட ரோஜா மாலை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கழுத்திலிருந்து இறங்கி, தொந்தியின் மேல் உட்கார்ந்துகொண்டு, இதற்கு மேல் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. புகைப்படத்தைப் பார்த்தால் ஏதோ குன்றுக்கு மாலை மரியாதை நடப்பது போலத்தான் இருக்கும். அது 2006 பிப்ரவரி. என் எடை தொண்ணூற்று நாலு கிலோ. உயரம் ஐந்தடி நாலங்குலம். இந்த இரண்டு எண்களை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

எடை அளவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளராக இருந்தவன் நான். கடைக்காரர்களின் தராசு, படிக்கல், லிட்டர் அளவை எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் பறிமுதல் செய்வது. இதுதான் உத்தியோகம். ஊரில் என் பெயர் முத்திரை உத்திராபதி. பெரிய மார்க்கெட்டுக்குள் நான் காலை வைத்தால் கூடையில் கிடக்கும் மீன்கள்கூட மூச்சை இழுத்துத் தங்கள் எடையைக் கூட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான்.

வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரே ஒரு ஆள். என் மனைவி தில்லையம்மாள். நாற்பத்தாறு கிலோ. தினமும் சாயங்காலம் அன்றைக்குப் பிடித்த கள்ளத் தராசுகளின் கதையை அவளிடம் சொல்லுவேன். ஒன்று பிடித்திருந்தால் ஒன்பது என்பேன். முடிக்கும்போது தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: "தில்லை, இந்த ஊர்ல இருக்கிற அத்தனை தராசும் பொய் சொல்லும். உண்மை பேசுற தராசு ஒண்ணே ஒண்ணுதான். அது நம்ம வூட்ல இருக்கு."

முப்பது வருடம் இதைக் கேட்டால் யாருக்குமே நம்பிக்கை வந்துவிடும். அவளுக்கும் வந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்ற அதே மாதம் தில்லையின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றன. வாரத்துக்கு இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், கதிர்காமத்துக்குப் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போடுவார்கள். இப்படியே எத்தனை நாள் என்று கேட்டதற்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதுதான் வழி என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு இருக்கும் ஒரே தம்பி அரிகிருஷ்ணன், நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுபவன், ஓடி வந்து "என்னோடதை எடுத்துக்கோக்கா" என்றான். அவனுக்குச் சர்க்கரை. பரிசோதனையின் முதல் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நான்தான். என் ரத்தம் யாருக்கும் சேரும் ரத்தம். மற்றப் பரிசோதனைகளும் பொருந்தின.

சென்னையில் அறுவை செய்யப்போகும் டாக்டர் என் படங்களையெல்லாம் விளக்கில் மாட்டிப் பார்த்தார்.

"உங்க கிட்னி ரெண்டும் அருமையா இருக்கு, சார். அதைச் சுத்தி இருக்கிறதுதான் பிரச்சினை. இந்த எடையில உங்களை அறுத்தா உங்களுக்கும் ஆபத்து, மிஞ்சப் போற ஒத்தைக் கிட்னிக்கும் ஆபத்து. எண்பது கிலோவா வாங்க. அப்ப தேதி குறிச்சுக்கலாம்."

"எண்பதா? டாக்டர், நான் பொறந்ததே எண்பதுலதான்."

அவர் சிரிக்கவில்லை. தில்லைதான் சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும் அவளுக்கு. வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

அங்கேயே உணவு ஆலோசகர் சிவசங்கரி என்று ஒரு பெண் இருந்தாள். நான் ஒரு மாதம் வெறும் தண்ணீரில் இருந்து பதினாலு கிலோவையும் கழற்றிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அப்படியெல்லாம் கூடாது, ஐயா. பட்டினி கிடந்து எறக்குனா திரும்ப ஏறிடும். கிட்னிக்கும் நல்லதில்ல. வாரத்துக்கு அரை கிலோ போதும். சாப்பாட்டைப் பாதியாக்க வேணாம், கால் பங்கு கொறைங்க. தினம் அரை மணி நேரம் நடங்க, பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும். நாற்காலியில உக்காந்து எழுந்திரிக்கிறது பத்து தடவை."

"இனிப்பு?"

"உண்டு."

அவள் காலில் விழ எண்ணினேன். விழுந்தால் தூக்க நாலு ஆள் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

"ஆசையை முழுசா அடக்குனா ஒரு நாள் மொத்தமா உடைஞ்சிடும். அதனால ஞாயித்துக்கிழமை ஒரு துண்டு. தீப்பெட்டி அளவு."

"எந்தத் தீப்பெட்டி? சட்டைப் பையில போடுறதா, சமையல்கட்டுல இருக்கிற பெரிசா?"

"எடையளவு ஆபீசருன்னு சொன்னாங்க. சரியாத்தான் கேக்குறீங்க. சட்டைப் பையில போடுறது."

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல எடை நின்னுடும், ஐயா. ரெண்டு மூணு வாரம் முள்ளு அசையாது. பயப்படாதீங்க, நடந்துகிட்டே இருங்க. தானா எறங்கும்." நான் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை. எந்தக் கடை மைசூர்பாகு என்று அப்போது தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திட்டம் தொடங்கியது. நேரு வீதியில் ஒரு எடை பார்க்கும் இயந்திரம் வாங்கி வந்தேன். ஏறி நின்றால் முள் சுற்றி எடை காட்டும் சாதாரண வகை. அதை அப்படியே நம்ப நான் என்ன ஏமாளியா? பழைய சினேகிதத்தில் அலுவலகத்தில் சோதனைப் படிக்கல் கடன் வாங்கி, அரை நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். சுத்தமாக இருந்தது. முத்திரை குத்தும் அதிகாரம் ஓய்வோடு போய்விட்டதால் அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

"பொட்டு வச்சாச்சா?" என்றாள் தில்லை. "அப்ப அது சத்தியம் பண்ண மாதிரிதான்."

காலை ஐந்தரைக்கு லாஸ்பேட்டை விமான நிலையச் சாலையில் நடை. அங்கே விமானம் வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை, இந்தப் பக்கம் நான். முதல் நாள் நான் மூச்சு வாங்கிய சத்தத்தில் ஏதோ விமானம் வந்துவிட்டது என்று காவலாளி வெளியே ஓடி வந்தான். இதையும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். நாற்காலிப் பயிற்சிதான் கடினம். அரசு உத்தியோகத்தில் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். எழுந்திருப்பது புதிது.

தில்லைக்கும் ஓர் அளவு உண்டு. குடித்தது வெளியே போக வழியில்லாததால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். மருந்து விழுங்குவது, காப்பி, மோர் எல்லாம் அதற்குள். காலையில் என் பழைய அரை லிட்டர் அளவையையும் கால் லிட்டர் அளவையையும் நிரப்பி மூடி வைப்பேன். மே மாத வெயிலில் முக்கால் லிட்டர் என்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டுக் கையை மட்டும் நனைத்துக்கொண்டு நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் திருவிழா. நான் இயந்திரத்தில் ஏறுவேன். அவள் குனிந்து முள்ளைப் படித்துச் சொல்லுவாள். பிறகு தீப்பெட்டியை மைசூர்பாகின் மேல் வைத்து, கத்தியால் சுற்றி அறுத்து, என் தட்டில் வைப்பாள். அவளுக்குப் பண்டம் இரண்டு ஐஸ் கட்டி. தண்ணீரைவிட ஐஸ் நாக்கில் நின்று தாகத்தை ஏமாற்றும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நான் மைசூர்பாகை நாற்பது நிமிடம் சாப்பிடுவேன். அவள் ஐஸை ஐந்து நிமிடம் சாப்பிடுவாள். அந்த வீட்டில் இரண்டு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷமாக எதையும் தின்றதில்லை.

தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஒன்றரை. ஜூன் முதல் வாரம் எண்பத்து எட்டரை. நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பழைய கால்சட்டைக்குள் இப்போது ஒரு குடும்பமே குடியிருக்கலாம் என்றேன்.

பிறகு முள் நின்றுவிட்டது.

ஜூன் நாலு, எண்பத்து எட்டரை. பதினொன்று, எண்பத்து எட்டரை. நடையைக் கூட்டினேன், சாதத்தைக் குறைத்தேன். பதினெட்டாம் தேதியும் அதே எண்பத்து எட்டரை. தில்லை குனிந்தவள் நிமிரவேயில்லை. தட்டில் அவளுடைய ஐஸ் கட்டி கரைந்துகொண்டிருந்தது. அவள் தொடவில்லை.

"விட்டுடுங்க. உங்க ஒடம்பு இதுக்கு மேல எறங்காது. எனக்கு இவ்ளோதான்."

"மூணு வாரம் நின்னா இன்னாடி? மலையை ஒடைக்கிறதுன்னா நேரம் ஆவாதா?"

"சிரிப்பு வரலைங்க."

செவ்வாய்க்கிழமை அவள் டயாலிசிஸுக்கு வர மறுத்துவிட்டாள். ஆட்டோ வாசலில் நின்றது. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சு. எதுக்காவ குத்திக்கணும்? ஒரு நாள் ஆவப் போவுதுன்னு இருந்தா குத்திக்கலாம்" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் முகம் வீங்கிவிட்டது. கையைக் காலைப் பிடித்து அழைத்துப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் அவள் தூங்கும்போது, இயந்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டேன்.

தராசில் கள்ளம் செய்கிறவர்களில் இரண்டு வகை. கத்துக்குட்டி பூஜ்யத்தில் கை வைப்பான். ஆள் ஏறாதபோதே முள் தள்ளி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். தேர்ந்தவன் உள்ளே வில்லோடு சேர்ந்திருக்கும் திருகில் கை வைப்பான். அப்போது முள் பூஜ்யத்தில் நல்ல பிள்ளையாக நிற்கும். பாரம் ஏறினால்தான் பொய் சொல்லும். அந்த வகையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் புதுச்சேரியில் நாலு பேர் இருந்தால் அதிகம். அதில் ஒருவன் நான்.

அரை கிலோ குறைத்துக் காட்டும் அளவுக்குத் திருகினேன். நிஜமான எடை எப்படியும் இறங்கத்தான் போகிறது, இறங்க இறங்கத் திருகைத் திருப்பி வைத்துவிட்டால் சென்னைக்குப் போகும் நாளில் உண்மை வந்து பொய்யைப் பிடித்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள்.

"எண்பத்து எட்டு!" கைதட்டினாள். "ஏங்க, எறங்குங்க, திரும்ப ஏறுங்க… எண்பத்து எட்டேதான்!"

ஐஸ் கட்டியை நறுக்கென்று கடித்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சுற்று. நிஜத்தில் எடை நகரத் தொடங்கியதுதான். ஆனால் எறும்பு நகர்வது போல. அவளுடைய முகத்துக்கு அது போதாது. ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி இயந்திரம் எண்பத்து மூன்று காட்டியது. நான் எண்பத்து ஏழு.

தெருமுனையில் ஆதிமூலத்தின் அரிசிக் கடை. மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசு வைத்திருப்பார். 1991-இல் நான் அவர் தராசைப் பறிமுதல் செய்தவன். அன்றிலிருந்து என்னை ஆபீசர் சார் என்றுதான் கூப்பிடுவார்.

"ஆபீசர் சார், எண்பத்து மூணாமே! தெருவே பேசுது. ஏறுங்களேன் நம்ம தராசுல. இந்த வருஷ முத்திரை இருக்கு, பயப்படாதீங்க."

"உன் தராசுல நான் ஏறுனா அது கூச்சப்பட்டுக்கும், ஆதிமூலம்."

சிரித்துக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முத்திரை குத்திய தராசைக் கண்டு ஒதுங்கினேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சுதந்திர தினம். டயாலிசிஸ் முறையைப் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். நான் நடையை முடித்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு நின்றேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயில் எனக்கும் இரண்டு கொடுத்தார்கள். ஒன்றைத் தில்லைக்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் குமிழி உடையும் சத்தம்.

"எடை… கம்மியாத்தான்… இருக்கு" என்றாள். அந்த நேரத்தில் ஏன் என் எடையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். விடுமுறையானதால் அவசரத்துக்கு மட்டும் ஆள் வைத்திருந்த நிலையத்தில் ஸ்ட்ரெச்சரோடு தராசில் ஏற்றி, ஸ்ட்ரெச்சரின் எடையைக் கழித்தார்கள். ஐம்பத்தொன்று. அவள் தண்ணீர் இல்லாத எடை நாற்பத்தாறு. ஐந்து கிலோவும் தண்ணீர். நுரையீரலுக்குள் ஏறியிருந்தது. உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வழக்கமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் குஞ்சம்மாள் என்ற நர்ஸ் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், நீங்க கவனிக்கிறதே இல்லியா? ரெண்டு மாசமா ஒவ்வொரு தடவையும் மூணு கிலோ, மூணரை கிலோன்னு தூக்கிக்கிட்டு வராங்க. தண்ணியைக் கொறைம்மா கொறைம்மான்னு தொண்டை வத்திப்போச்சு எனக்கு."

"முக்கால் லிட்டருக்கு மேல குடுக்கிறதில்லையேம்மா. நானே அளந்து வைக்கிறேன்."

"தெனம் காலையில வீட்ல எடை பாருங்க, ஏறியிருந்தா தண்ணியைக் கொறைங்க, ஏறலைன்னா ஒரு டம்ளர் கூடக் குடிக்கலாம்னு சொல்லி வச்சேன், ஜூன் மாசக் கடைசியில. இங்க ஏறுனா மூணு கிலோ கூட. கேட்டா, 'வூட்டு மிஷின்ல ஏறவேயில்லை, ஒங்க தராசுதான் தப்பு'ங்கிறாங்க. எங்களோட சண்டை. 'ஒங்க தராசுல முத்திரை இருக்கா? எங்க வூட்டுக்காரரு பொட்டு வச்ச மிஷின் பொய் சொல்லாது. அவுரு யாருன்னு தெரியுமா?'ங்கிறாங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்காலிப் பயிற்சி நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

உள் திருகு பாரத்துக்குத் தகுந்தபடி பொய் சொல்லும். எண்பத்து ஏழு கிலோவுக்கு நாலு கிலோ குறைத்தால், ஐம்பது கிலோவுக்கு இரண்டு கிலோ சொச்சம் குறைக்கும். ஒரு கிலோ தண்ணீர் என்பது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கைப் பத்தாயிரம் கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதில் மிகை எதுவும் இல்லை. அதிகமாகவே இருக்கும்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எண்கள். ஜூன் இருபத்தெட்டு, நாற்பத்தேழு. ஜூலை இரண்டு, நாற்பத்தாறரை. தினம் ஒன்று. நான் நடக்கப் போன நேரத்தில் ஏறிப் பார்த்து எழுதியிருக்கிறாள். நாற்பத்தாறு, நாற்பத்தாறரை, நாற்பத்தாறு. ஏறக்குறைய இரண்டு மாதம், கடைசி வரி தவிர, கோடு போட்டது போல ஒரே சீராக. சில எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு வட்டம்.

இயந்திரத்தைக் கவிழ்த்துத் திருகைத் திருப்பினேன். எட்டுச் சுற்று. பொட்டை ஈரத் துணியால் துடைத்தேன். எண்ணெய் கலந்த குங்குமம், முழுதும் போகவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மூக்குக் குழாயை எடுத்தபிறகு அந்த வட்டம் என்ன என்று கேட்டேன்.

"எடை ஏறலைன்னா ஒரு டம்ளர் கூடக் குடிக்கலாம்னு சொன்னாங்கல்ல. குடிச்ச அன்னிக்கு வட்டம் போடுவேன். ஒங்க மைசூர்பாகு மாதிரி." குரல் கரகரத்தது. "சில்லுன்னு, ஒரு முழு டம்ளர். நின்னுகிட்டே குடிச்சிடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? என் பொண்டாட்டி எடையே ஏறாம யோகம் பண்றான்னு தெருவெல்லாம் தண்டோரா போடுவீங்க. ஆபரேஷன் ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

நான் சொன்னேன். திருகு, சனிக்கிழமை, எட்டுச் சுற்று எல்லாவற்றையும். நடுவில் ஒரு வேடிக்கை வார்த்தைகூட வரவில்லை எனக்கு.

"எவ்ளோ?" என்றாள்.

"எனக்கு நாலு. ஒனக்கு ரெண்டு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு மாதமாகக் கூடுதல் நீரைத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கிவிட்டது, அன்றைக்கு நடந்தது அதை இன்னும் கெடுத்துவிட்டது என்றார். அறுவை சிகிச்சையை இந்த இதயம் தாங்காது. சென்னையிலிருந்தும் அதே பதில் வந்தது. நான் எண்பது ஆனாலும் சரி, நாற்பது ஆனாலும் சரி.

பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். தண்ணீர் அளவையை மூடி வைத்தால், மூடியை எடுத்து அளவுக் கோட்டைத் தானே ஒரு தடவை பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் நடக்கப் போவதை நிறுத்திவிட்டேன். யாருக்காக நடப்பது?

பன்னிரண்டாம் நாள் காலை, நான் காப்பி கொண்டுபோனபோது, கேட்டாள்.

"நடக்கப் போவலியா?"

"எதுக்கு?"

"முப்பது வருஷமா ஊரான் தராசையெல்லாம் புடிச்சீங்களே. ஒவ்வொருத்தனுக்கும் அபராதம் போட்டீங்களே. ஒங்களுக்கு யாரு போடுறது?"

காப்பியைக் கட்டிலோரம் வைத்தேன்.

"நான் போடுறேன். எண்பது வந்தாவணும். நெசமான எண்பது. நம்ம வூட்டு மிஷின்ல இல்ல. ஆதிமூலம் கடையில, எல்லார் எதிரயும். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே, வாரத்துக்கு அரை கிலோ. பட்டினி கெடந்து பாவத்தைக் கழிக்கலாம்னு பாக்காதீங்க. மைசூர்பாகும் துன்னணும்."

"எப்பிடிடி எறங்கும் அது, தொண்டையில?"

"எறங்கணும். அதுதான் அபராதம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆதிமூலம் கடை. ஆட்டோவில் அவளும் வருவாள். ஆதிமூலம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அரிசி மூட்டை ஏறும் தராசில் ஏறுவேன். முதல் வாரம் எண்பத்து ஏழு. கடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்பத்து மூன்று என்று தெருவுக்கே சொன்னவன் நான்.

"ஆபீசர் சார், தராசு தப்பா இருக்குமோ? வேணும்னா இன்னொரு தடவை…" என்றார் ஆதிமூலம், என் மானத்தைக் காப்பாற்ற.

"தராசு சரியாத்தான் இருக்கு, ஆதிமூலம்" என்றாள் தில்லை. "ஆளுதான் தப்பு."

ஆதிமூலம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அரிசியைக் கிளறினார்.

எண்பத்து ஆறரை. எண்பத்து ஆறு. ஒரு வாரம் நின்றது. நடந்துகொண்டே இருந்தேன், தானாக இறங்கியது. அந்தப் பெண் சிவசங்கரி சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி. வீட்டுக்கு வந்ததும் தில்லை தீப்பெட்டியை வைத்து அறுத்துக் கொடுப்பாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் நாற்பது நிமிடம் தின்றதை இப்போது இரண்டு வாயில் விழுங்கினேன். அவளுடைய தட்டில் ஒரு ஐஸ் கட்டி. இரண்டு இல்லை. டாக்டர் தண்ணீரை அரை லிட்டராகக் குறைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு, "அந்த டம்ளருங்க நல்லா இருந்துச்சுங்க" என்றாள். குத்திக் காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குத் தில்லை போய்விட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடைசியாக ஆதிமூலம் கடையில் ஏறியபோது என் எடை எண்பத்து மூன்றரை. அவள் போட்ட அபராதத்தில் மூன்றரை கிலோ பாக்கி.

அரிகிருஷ்ணன் அக்காவுக்குக் கொள்ளி வைக்க என்னோடு நின்றான். "நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க மாமா, எங்கக்காவுக்காவ" என்று தோளைப் பிடித்து அழுதான். அவனுக்குத் திருகு விஷயம் தெரியாது. தில்லை சொல்லவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் நானே சொன்னேன். அவன் கையைத் துடைக்காமலே போய்விட்டான். இன்றுவரை வரவில்லை.

நான் நடந்தேன். அதே விமான நிலையச் சாலை, பேசிக்கொண்டே நடக்கிற வேகம். பேச ஆள் இல்லாததால் காவலாளியிடம் பேசினேன். அவனிடம்கூட எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மழை பெய்த நாளில் கூடத்தில் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மைசூர்பாகைத் தீப்பெட்டி வைத்து நானே அறுத்தேன்.

2007 ஜனவரி ஏழு. ஆதிமூலம் வழக்கம் போல நாற்காலியைப் போட்டார், பிறகு நினைவு வந்து உள்ளே எடுத்து வைத்தார். நான் முதலில் தராசு வெறுமையாக இருக்கும்போது முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம். இருபது கிலோ படிக்கல்லை ஏற்றிப் பார்த்தேன். இருபது. பிறகு ஏறினேன்.

"எண்பது, சார்" என்றார் ஆதிமூலம். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். "ஒரு கிராம் இப்பிடி அப்பிடி இல்ல. எண்பதேதான்."

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். ஆகஸ்ட் பதினைந்து, நாற்பத்தெட்டரை என்பதுதான் அவள் எழுதிய கடைசி எண். பக்கத்தில் வட்டம் இல்லை. அன்றைக்குத் தனக்கு ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அதற்குக் கீழே பென்சிலால் எண்பது என்று எழுதினேன்.

போன மாதம் சென்னைக்குப் போய் ஒரு பரிசோதனை செய்துகொண்டேன். அதே டாக்டர்தான். என் வயதில் இப்படி எடையைக் குறைத்து, ஒரு வருடமாக ஏறவிடாமல் வைத்திருப்பவர்கள் அபூர்வம் என்று பாராட்டினார். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. சர்க்கரை இல்லை. என் சிறுநீரகங்கள் இரண்டும் மிக நன்றாக வேலை செய்கின்றனவாம்.